கத்ரின் கேட்ட ஐந்து கேள்விகள்

பிராங்பேர்ட்
14.06.2025

அன்புள்ள தேனு,

உனக்குத் தொலைபேசிச் சத்தமும் ஆகாது, திரை வெளிச்சமும் ஆகாது என்று சின்னம்மா சொன்னா. அதனால் பழைய காலத்து ஆட்கள் மாதிரிப் பேனையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வார்டில் ஜெர்மன் மொழியில் குறிப்பு எழுதி எழுதி என் தமிழ் எழுத்து கோழி கிளறிய மாதிரி ஆகிவிட்டது. இதை உனக்கு வாசிக்கப் போவது சின்னம்மாதான். சின்னம்மா, விளங்காத இடத்தில் நின்று மினைக்கெடாமல் தாண்டிப் போங்கோ.

உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் சின்னம்மா. மகளுக்கு அடிபட்டது என்ன விளையாட்டில் என்றே தெரியாமல் நீங்கள் டுசல்டோர்ஃப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது என் கண்ணுக்குள் நிற்கிறது. இதன் பெயர் கமோகி. அயர்லாந்துப் பெண்களின் விளையாட்டு. கையில் ஒரு மர மட்டை, ஹொக்கி மட்டையை விட முகம் அகலம். டென்னிஸ் பந்து அளவில் தோல் பந்து, பட்டால் கல்லு மாதிரி. கம்பத்துக்கு மேலால் அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. இங்கே ஓர் அணிக்கு ஒன்பது பேர். எல்லோரும் தலைக்கவசம் போட்டுத்தான் விளையாடுவோம். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் நான்கு ஊரில் நான்கு சுற்று, கடைசியில் புள்ளி கூடின அணிக்குக் கிண்ணம். இவ்வளவுதான். நீங்கள் நினைக்கிற மாதிரிச் சண்டை இல்லை.

என் வார்டில் வேலை செய்த ஓர் அயர்லாந்துத் தாதிதான் என்னை இதற்குள் இழுத்து விட்டவள். ஒன்பது வருடம் ஆகிறது. அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள், நான் கப்டன் ஆகிவிட்டேன். தேனு ரயில் ஓட்டுநர் தொழிற்பயிற்சிக்கு, அதுதான் அந்த அவுஸ்பில்டுங் படிக்க, என் வீட்டுக்கு வந்து இருந்தபோது, சனி ஞாயிறில் படுத்துக் கிடக்காதே என்று நான்தான் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். அவளுடைய ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் வாயைப் பிளந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தேனு, அன்றைக்கு முதல் அடி பட்டதும் உன்னைக் கத்ரின் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப விளையாட விட்டவ. அவ படித்த பிசியோதெரபிஸ்ட். அதற்கு மேல் யார் என்ன செய்ய ஏலும். இரண்டாவது அடி யாரும் எதிர்பாராதது. உன்னை இடித்த பெட்டையும் அழுதபடிதான் போனாள்.

அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றோம். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு சுற்று முடிய நாங்கள்தான் முதலாம் இடம். ஜூலை ஐந்தாம் திகதி ஹம்பேர்க்கில் மூன்றாம் சுற்று. உன் ஏழாம் இலக்கச் சட்டையை யாருக்கும் கொடுக்கவில்லை.

சின்னம்மா, அவளுக்கு மீன் தீயல் செய்து கொடுங்கோ. அவள் கேட்க மாட்டாள், ஆனால் சாப்பிடுவாள்.

அன்புடன்,
அஜி அக்கா


ஹனோவர்
29.06.2025

அஜி அக்கா,

இந்தக் கடிதத்தை ஒன்பது நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வரி. ஆறாவது வரியில் எழுத்துகள் நகரத் தொடங்கும், பிறகு சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வரும். அறைக்குப் போர்வையைத்தான் திரையாகப் போட்டிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை அம்மா வாசித்தா. "சின்னம்மா" என்று வந்த இடமெல்லாம் குரலை மாற்றி வாசித்தா. மீன் தீயல் செய்தா. மணம் ஏலாமல் இருந்தது. சாப்பிட்டேன்.

ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குப் போவோம் என்று அம்மா நேர்த்தி வைத்திருந்தா. போகவில்லை. மேளச் சத்தத்துக்குள் நான் நிற்க மாட்டேன். அம்மா தனியாகப் போக விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டு, வெளியில் போய் அழுதுவிட்டு வந்தா.

அக்கா, எனக்கு அன்றைக்கு நடந்தது ஒன்றும் ஞாபகம் இல்லை. காலையில் எங்கள் அணி வான் வண்டிக்குள் மரியமலர் கடலை வடை தந்தது தெரியும். வடை ஆறியிருந்தது, நீங்கள் அவளைப் பகிடி பண்ணினீர்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் ஒரு சனிக்கிழமை காணாமல் போயிருக்கிறது.

கத்ரினிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மன் மொழியில், கையால், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறா. இரண்டு பக்கமும் மன்னிப்புத்தான். லீக் குழு அவவை விசாரிக்கப் போகிறதாம். மருத்துவ நிலையத்தில் இருந்து லீவு எடுத்திருக்கிறா, இப்போதைக்கு எந்த நோயாளியையும் தொட மாட்டாவாம். "நான் ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்துக்கும் நீங்கள் சரியாகப் பதில் சொன்னீர்கள். கடைசியில் உங்கள் மொழியில் ஏதோ சொன்னீர்கள். என்ன என்று கேட்டேன், விளையாடத் தயார் என்று சொன்னதாக உங்கள் அக்கா சொன்னார். ஆனாலும் நான் விட்டிருக்கக் கூடாது." இப்படி எழுதியிருக்கிறா.

நான் சரியாகப் பதில் சொன்னேனா, அக்கா? தலை அடிபட்ட ஆள் எப்படி ஐந்துக்கும் சரியாகச் சொல்லும்? ரயில் கொம்பனி டொக்டரும் இதைத்தான் கேட்கிறார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கோ.

தேனுஜா


பிராங்பேர்ட்
08.07.2025

அன்புள்ள தேனு,

ஹம்பேர்க்கில் மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றோம், ஒன்று சமம். இன்னும் முதலாம் இடம்தான். மழை என்றால் மழை, பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. கம்சனாவின் கணுக்கால் சரியாகி அவள் திரும்ப இறங்கியிருக்கிறாள். நாங்கள் வழமை போலத் தமிழில்தான் கூப்பிட்டு விளையாடினோம். "பின்னாலை ஆள்", "விடு", "எனக்கு". மற்ற அணிப் பெட்டைகள் விழிக்கிற விழி உனக்குத் தெரியும்தானே. இப்போது எங்கள் ஜெர்மன்காரிகளும் "விடு விடு" என்று கத்தப் பழகிவிட்டார்கள். ஒன்பது பேரில் நாலு தமிழ்ப் பெட்டைகள் இருக்கிற அணி இந்த லீக்கில் வேறு இல்லை. எங்கள் பலமே அதுதான் என்று பயிற்சியாளர் சொல்கிறார்.

நாலு என்று எழுதிவிட்டேன். இப்போது மூன்று.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டாம் பாதி. இரண்டு புள்ளி முன்னுக்கு நின்றோம். கம்சனா ஏற்கெனவே காலைக் கட்டிக்கொண்டு வெளியில் இருந்தாள், வேறு மாற்று ஆள் இல்லை. நீ பந்துக்குப் பாய்ந்தாய், இரண்டு பேர் தோளால் இடித்தார்கள், மல்லாக்க விழுந்தாய். நிலத்தில் பின்தலை பட்டது. உன்னை வெளியில் கொண்டுவந்து இருத்தினார்கள். கத்ரின் வந்து கேள்வி கேட்டா. நான் உன் பின்னால் முழங்காலில் நின்று தண்ணீர் தந்தேன். நீ எல்லாக் கேள்விக்கும் சரியாகத்தான் பதில் சொன்னாய். அதில் ஒரு பொய்யும் இல்லை. பிறகு எழும்பிப் போனாய். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது அடி.

கத்ரின் பாவம்தான். ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதுதானே. வார்டில் நான் ஒரு ஊசியை மாறிப் போட்டால் என்னைத்தான் கேட்பார்கள். அவவை அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார்கள், ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். நீ அதைப் போட்டு மண்டையைக் குழப்பாதே. உனக்கு இப்போது வேண்டியது ஓய்வு. இது அக்கா சொல்லவில்லை, தாதி சொல்கிறேன்.

எனக்கு வார்டுப் பொறுப்பாளர் பதவி கிடைக்கும் போல இருக்கிறது. நேர்முகம் ஒக்டோபரில். சின்னம்மா, அம்மன் காதில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கோ.

உன் மட்டை என்னிடம்தான் இருக்கிறது. பிடி தளர்ந்திருந்தது, புதுப் பட்டி சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அஜி அக்கா


ஹனோவர்
12.08.2025

அஜி அக்கா,

இனி உங்கள் கடிதத்தை அம்மா வாசிக்க மாட்டா. நானே வாசிப்பேன். பத்து நாள் எடுத்தாலும் நானே வாசிப்பேன். ஆகவே அம்மாவுக்காக எழுத வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. பகிடியும் வேண்டாம்.

போன சனிக்கிழமை கம்சனா வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அழுதுகொண்டுதான் வந்தாள். அன்றைக்குக் கணுக்காலைக் கட்டிக்கொண்டு மைதானத்தோர வாங்கில் இருந்தபோது அவள் கைத்தொலைபேசியில் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நான் விழுந்ததும் நிறுத்த மறந்துவிட்டாளாம். இரண்டு மாதமாக அதைத் திறந்து பார்க்கத் துணிவு வரவில்லை, போன கிழமைதான் பார்த்தாளாம். அதற்குப் பிறகு உங்களிடம் போகாமல் நேரே என்னிடம் வந்திருக்கிறாள்.

என்னால் படம் பார்க்க ஏலாது. திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் கேட்டேன். மூன்று நிமிடம். ஒரு முறைதான் கேட்டேன், தலையணையைக் கடித்துக்கொண்டு.

என்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கோ. உங்கள் கையால், ஒன்றையும் விடாமல். அதை வாசித்த பிறகுதான் நாங்கள் இருவரும் என்ன உறவு என்று எனக்குத் தெரியும்.

மற்றது, ரயில் ஓட்டத் தகுதி உண்டா என்று பார்க்கிற மருத்துவப் பரிசோதனைக்கு டெர்மின் குறித்த நாள் ஓகஸ்ட் 28. கத்ரினின் விசாரணை செப்டெம்பர் 20. அவவை ஜெர்மனி முழுக்க எந்த விளையாட்டுக் கழகமும் இனி எடுக்கக் கூடாது என்று ஒரு பகுதி கேட்கிறதாம். எச்சரிக்கையோடு விடுவார்கள் என்று நீங்கள் எழுதியது சரியில்லை.

தேனுஜா


பிராங்பேர்ட்
17.08.2025

தேனு,

மூன்று கடதாசியைக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

கத்ரின் ஜெர்மன் மொழியில் கேட்டா: "இன்று எந்த ஊரில் நிற்கிறோம்?" நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். உன் கண் எங்கேயோ நின்றது. நான் அந்தக் கண்ணை வார்டில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியும், தேனு. கத்ரினுக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு, குழந்தையைத் தேற்றுகிற குரலில், "ஒண்டுமில்லை பிள்ளை, டுசல்டோர்ஃப் எண்டு சொல்லு" என்றேன். நீ "டுசல்டோர்ஃப்" என்றாய். முதல் பாதியா, இரண்டாம் பாதியா? "ரெண்டு பிள்ளை, ரெண்டு." கடைசிப் புள்ளி யார் அடித்தது? "மரியமலர் எண்டு சொல்லு குஞ்சு." போன ஆட்டம் யாரோடு? "ஹம்பேர்க்." வென்றோமா? "ஓம் எண்டு சொல்லு." நான் சொன்னதை எல்லாம் நீ ஜெர்மன் மொழியில் திருப்பிச் சொன்னாய். நான் உன்னை ஆறுதல்படுத்துகிறேன் என்றுதான் கத்ரின் நினைத்தா. ஒரு தரம் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தா.

ஏன் என்று கேட்பாய். எட்டுப் பேரோடும் விளையாடியிருக்கலாம். தோற்றிருப்போம், அவ்வளவுதான். ஒன்பது வருடம், தேனு. ஒன்பது வருடமும் கடைசி, கடைசிக்கு முதல், கடைசி. "உங்கட கிரிக்கெட்டை விளையாடலாமே" என்று ஒரு அயர்லாந்துக்காரி எனக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். முதல் தரம் முன்னுக்கு நிற்கிறோம், ஏழு நிமிடம்தான் மிச்சம். அந்த ஏழு நிமிடத்துக்கு எனக்கு நீ வேண்டும் என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை. அன்றைக்கு நான் தாதியும் இல்லை, அக்காவும் இல்லை, கப்டன் மட்டும்தான்.

கடைசியில் நீ தலையாட்டினாய். நீயாகத்தான் எழும்பினாய். உனக்கும் விளையாட ஆசை இருந்தது, அதை நான் உன் முகத்தில் கண்டேன். அது என் குற்றத்தைக் குறைக்காது என்று தெரியும்.

குழுவுக்கு எழுதத்தான் வேண்டும். எழுதுவேன். ஆனால் செப்டெம்பர் 13 பெர்லினில் கடைசிச் சுற்று. இப்போது எழுதினால் அணியை வெளியே போட்டுவிடுவார்கள். மரியமலரும் மற்றப் பெட்டைகளும் ஒரு பிழையும் செய்யவில்லை. விசாரணை 20ஆம் திகதிதானே. நடுவில் ஒரு கிழமை இருக்கிறது. கடைசிச் சுற்று முடியட்டும், அடுத்த நாளே எழுதிப் போடுகிறேன். உன் இலக்கத்தைக் கையில் கட்டிக்கொண்டு விளையாடப் போகிறோம்.

என்னைத் திட்டிப் பேசு. பேசாமல் மட்டும் இராதே.

அஜி


ஹனோவர்
02.09.2025

அஜி அக்கா,

முதலில் டெர்மின். இருட்டு அறையில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. எரியும்போது பொத்தானை அமத்த வேண்டும். சின்னப் பிள்ளையும் செய்யும். இருபத்தேழில் பதினொன்றைப் பிடித்தேன். பிறகு வாளிக்குள் சத்தி எடுத்தேன். டொக்டர் நல்ல மனிசன், கடதாசியில் எழுத முதல் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். தகுதி இல்லை. திரும்பப் பரிசோதிக்கவும் தேவையில்லை என்று போட்டிருக்கிறார். கொம்பனி அவுஸ்பில்டுங்கை முடித்துவிட்டது.

ஹெக்ஸ்ட் நிலையத்துக்கு வெளியில் ஒரு வளைவு இருக்கிறது. காலை ஐந்தரைக்கு எஸ்-பான் ரயில் அதில் திரும்பும்போது முன் கண்ணாடி முழுக்கச் சூரியன். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க அதை நான் மூன்று தரம் ஓட்டியிருக்கிறேன். இனி ரயிலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன். நான் உங்களில் கோபமாக இருக்கிறேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு ஐந்து வரி காணாது.

உங்கள் கடிதத்தை ஏழு நாளாக வாசித்தேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைத் தவிர.

அந்தப் பதிவில் உங்கள் குரல் எவ்வளவு அன்பாக இருக்கிறது தெரியுமா. "பிள்ளை" என்கிறீர்கள், "குஞ்சு" என்கிறீர்கள். உங்கள் வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் நீங்கள் என்னைக் குஞ்சு என்று கூப்பிட்டதே இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் யாரும் சொன்னதைச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். கத்ரினின் கடிதத்தில் இருந்ததை ஜூனிலேயே உங்களுக்கு எழுதியிருந்தேன். அதை எடுத்துத் திரும்ப வாசியுங்கோ. கடைசியில் நான் தமிழில் ஏதோ சொன்னதாக அவ எழுதியிருந்தா. என்ன சொன்னேன்?

குழுவுக்குப் பெர்லினுக்கு முதல் எழுதுங்கோ, பிறகு அல்ல. எனக்காக இல்லை. எனக்கு இனி ஒன்றும் திரும்ப வராது. கத்ரின் ஒவ்வொரு நாளும் தான் எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று தேடிக்கொண்டிருக்கிறா. அந்த மனிசி விடாத பிழையை.

என் இலக்கத்தைக் கையில் கட்ட வேண்டாம்.

தேனுஜா


பிராங்பேர்ட்
16.09.2025

தேனு,

வென்றுவிட்டோம். இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை எழுதாமல் மற்றதை எழுத ஏலாது.

பெர்லினில் கடைசி ஆட்டம் ஒரு புள்ளியால். மரியமலர் அடித்தாள். எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். கிண்ணத்தைக் கையில் தந்தபோது அது இவ்வளவு பாரம் இல்லாத சாமானா என்றுதான் நினைத்தேன். கம்சனா படம் எடுக்க வரவில்லை. வான் வண்டியிலும் முன் சீற்றில் தனியாகப் போய் இருந்தாள். ஷோனெஃபெல்ட் தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தில் இறங்கி, "நீ சொல்லாட்டி நான் பதிவைக் குடுத்திடுவன் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நேற்றுக் குழுவுக்கு எழுதிப் போட்டேன். நீ முதலே எழுதச் சொன்னாய், நான் முதலே எழுதவில்லை. பேனையை எடுத்து எடுத்து வைத்தேன். எழுதியதில் ஒன்றையும் மறைக்கவில்லை. ஐந்து கேள்வி, ஐந்து பதில், நான் தமிழில் சொல்லிக்கொடுத்தது, கத்ரினுக்கு அது தெரியாதது, எல்லாம். கிண்ணத்தை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு வாழ்நாள் தடை வரும். வேலையிடத்துக்கும் தெரியவரும், தாதி ஒருத்தி இப்படிச் செய்தாள் என்றால் சும்மா விடமாட்டார்கள். வரட்டும். வார்டுப் பொறுப்புக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் நானே திரும்ப எடுத்துவிட்டேன்.

கடைசியில் நீ என்ன சொன்னாய் என்று கேட்டிருந்தாய். சரியாக ஞாபகம் இல்லை, தேனு. சத்தமாக இருந்தது. பெட்டைகள் கத்திக்கொண்டு நின்றார்கள். தயார் என்ற மாதிரித்தான் ஏதோ சொன்னாய். அதைத்தான் நான் கத்ரினுக்குச் சொன்னேன். வேறொன்றும் விட்டுப்போகவில்லை.

தண்டனை எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் ஹனோவருக்கு வரட்டா? உள்ளே வரவில்லை. வாசலில் நின்று உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறேன். சின்னம்மாவிடம் நானே சொல்கிறேன். அதையும் உன் தலையில் போடக் கூடாது.

உன் மட்டை சுவரில் சாத்தியபடி இருக்கிறது. என்ன செய்ய என்று சொல்லு.

அஜி


ஹனோவர்
27.09.2025

அஜி அக்கா,

உங்கள் வாக்குமூலம் குழுவுக்குக் கிடைத்தது. அதே நாள் கம்சனாவும் பதிவைக் கொடுத்துவிட்டாள். அங்கே தமிழ் தெரிந்த ஆள் இல்லை. விசாரணையை ஒத்திவைத்து, பதிவில் இருப்பதும் நீங்கள் எழுதியதும் ஒன்றுதானா என்று அடிபட்டவளான என்னிடம் கேட்டு எழுதினார்கள். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமும் பிறகு கொடுப்பார்களாம். முதலில் நான்.

நான்கு நாள் எடுத்தது. திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் கேட்பது, நிறுத்துவது, இருட்டில் எழுதுவது. அம்மா பக்கத்தில் இருந்தா. அம்மாவுக்கும் எல்லாம் கேட்டது. நீங்கள் வந்து சொல்ல வேண்டிய வேலை இல்லை.

ஐந்து கேள்வியும் பதிலும் நீங்கள் எழுதியது போலத்தான். ஒரு சொல் பிசகவில்லை. நல்ல ஞாபகம் உங்களுக்கு. சத்தமாக இருந்தது, ஞாபகம் இல்லை என்கிறீர்கள். பெட்டைகளின் சத்தம் தூரத்தில்தான் கேட்கிறது, அக்கா. எங்கள் மூன்று பேரின் குரலும் தெளிவாக இருக்கிறது. நீங்கள் என் தலைக்கவசப் பட்டியைக் கழுத்தில் பூட்டுகிற சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு இருப்பதை நான் ஜெர்மன் மொழியில் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான்: "அக்கா, எனக்கு ஏலாது. வீட்டை போவம்."

நீங்கள்: "கொஞ்சம் பொறு பிள்ளை. ஏழு நிமிசம்தான்."

நான்: "அம்மா எங்கை?"

பிறகு கத்ரின், நான் என்ன சொல்கிறேன் என்று உங்களைக் கேட்கிறா. நீங்கள் ஜெர்மன் மொழியில், சிரித்தபடி சொல்கிறீர்கள். "தயாராம். விளையாடப் போகிறாளாம்."

அவ்வளவுதான் பதிவு. மிச்சம் எல்லாம் ஓடுகிற காலடிச் சத்தம்.

எனக்கு அந்தச் சனிக்கிழமையில் வடைக்குப் பிறகு ஒரு நிமிடம்கூட ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தேன். இப்போது இந்த மூன்று வரி இருக்கிறது. இவை வராமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் கையால் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். உங்களிடம் இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் நீங்களே சொல்ல இடம் விட்டேன்.

கத்ரினுக்கும் எழுதிவிட்டேன். அவ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தா, நான் உண்மையிலேயே தயார் என்று சொன்னேனா என்று. இல்லை என்று எழுதினேன். நீங்கள் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டீர்கள், உங்களுக்குக் கிடைத்த பதில்தான் பொய் என்று எழுதினேன். இதை எழுதிய அன்று ஐந்து வரிக்கு மேல் எழுதினேன், படுக்கையில் விழுந்து இரண்டு நாள் எழும்பவில்லை. ஆனாலும் எழுதினேன்.

மட்டையை அடுத்த வருடம் வருகிற யாராவது புதுப் பெட்டையிடம் கொடுங்கோ. அது யாருடையது என்று சொல்ல வேண்டாம்.

ஹனோவருக்கு வர வேண்டாம். நான் அன்றைக்குக் கேட்டதை அம்மா செய்துவிட்டா. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா.

தேனுஜா